தரை மருந்துகளில் எது சிறந்தது?

தோழியரே, கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் மலைப்பாதையை இலட்சக்கணக்கானோர் வலம்வருகின்றனர். வாந்திபேதி பரவாதிருக்கக் கழிப்பிடத் தரைகளில் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் போதுமென்று நாம் எண்ணுகிறோம். உலர்ந்த தூளால் பயன் குறைவு. அதன் குளோரின் நீரில் கரைந்தால்தான் கிருமிகளை நன்கு கொல்லும். அழுக்கு இருந்தாலோ அதிலேயே தீர்ந்துபோகும். ஆகவே முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, பிறகு கரைசலை ஊற்றிப் பத்து நிமிடமாவது விடவேண்டும். கொரோனா பரவிய 2020இல் மத்திய சுகாதார அமைச்சகம் தரைகளுக்கு 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலைப் பரிந்துரைத்தது.

கரும்பினாயில் அழுக்கிலும் ஓரளவு வேலை செய்யும். அதன் நெடிதான் நமக்குப் பிடிக்காது! ஸ்பிரிட் 70 சதவீதமாயிருந்தால் நன்று. விரைவில் ஆவியாவதால் தரைக்கு ஆகாது, கதவுப்பிடிக்கு ஏற்றது.

பிளீச்சிங் கரைசலோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது. எழும் குளோரின் வாயு மூச்சைத் திணறடிக்கும்.