விண்ணப்பக் கடிதத்தில் விட்டுப்போகும் சிறு சொல்

கல்வி உதவி கேட்டு நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும் கடிதங்களில் ஒரு பிழையை அடிக்கடி பார்க்கிறோம்: ‘தி காலேஜ் விச் ஐ ஸ்டடி’. பிள்ளைகள் மீது குற்றமில்லை. ‘கல்லூரியில் படிக்கிறேன்’ என்பது ‘நான் படிக்கும் கல்லூரி’ என்று மாறும்போது தமிழில் ‘இல்’ மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘இன்’ மறையக் கூடாது. ‘தி காலேஜ் இன் விச் ஐ ஸ்டடி’ என்று எழுத வேண்டும்.

பண விஷயத்தில் இது முக்கியம். ‘பணம் அனுப்பிய கணக்கு’ என்றால் கட்டியவருடையதா, கல்லூரியுடையதா? தமிழிலேயே குழப்பம்தான். ஆங்கிலத்தில் ‘ஃப்ரம் விச்’ என்றால் பணம் புறப்பட்ட கணக்கு. ‘டு விச்’ என்றால் போய்ச் சேர்ந்த கணக்கு. கட்டணம் வரவில்லை என்று கல்லூரி சொல்லி, நாம் பதில் எழுதும்போது இந்தச் சொல் விட்டுப்போனால் எந்தக் கணக்கைத் தேடுவார்கள்?

ஆளைக் குறித்தால் ‘டு ஹூம்’. சான்றிதழ்களின் தலைப்பில் பார்த்திருப்பீர்கள். முன்னால் ‘டு’, ‘இன்’ வந்தால் அடுத்து ‘தட்’ போடக் கூடாது. ‘தி காலேஜ் ஐ ஸ்டடி இன்’ என்று கடைசியில் வைப்பதும் சரியே; பேச்சில் அதுதான் வழக்கம். 1672இல் கவிஞர் டிரைடன் அதைக் குறை சொன்னார், ஆங்கிலேயர் விடவில்லை.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள்: ‘ஐ பெய்ட் தி ஃபீ டு தி ஆஃபீஸ்’. அந்த ‘டு’வை விடாமல் ‘தி ஆஃபீஸ் டு விச் ஐ பெய்ட் தி ஃபீ’ என எழுதுங்கள்.