முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறாள். கோடை விடுமுறையில் ‘காட்டுயிர்ப் பாதுகாப்பும் தலைமைப் பண்பும்’ என்று ஒரு முகாம் நடக்கிறதாம். சேர்த்துவிடச் சொல்லி நச்சரிக்கிறாள். ஐந்து நாளுக்கு அவர்கள் கேட்கும் கட்டணம் எங்களுக்கு அதிகம். வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கவே கூச்சப்படுகிறவள் அவள். ஐந்து நாளில் இதெல்லாம் வந்துவிடுமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: வராது. ஐந்து நாளில் ஆர்வம் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம் என்றாலும், அந்த ஆர்வத்துக்கு வேலை கொடுக்கிற முகாமா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

சென்னைக் கடற்கரையில் நடப்பதைச் சொல்கிறேன். எஸ்.எஸ்.டி.சி.என். எனப்படும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988இல் தொடங்கியது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இளைஞர்கள் இரவில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை கரையேறிய தடத்தை மணலில் தேடுவார்கள். முட்டைக் குழியைக் கண்டுபிடித்து, கையாலேயே மணலை அள்ளி, முட்டைகளை எண்ணி எடுப்பார்கள். ஒரு குழியில் 100க்கு மேல்கூட இருக்கும். அவற்றைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், தாய் ஆமை தோண்டியதைப் போலவே குடம் மாதிரி அடி பருத்த குழி வெட்டிப் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிவைப்பார்கள். ஏறத்தாழ 45 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும். தெருவிளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி அவை சாலைப் பக்கம் ஊர்ந்துவிடும் என்பதால்தான் இத்தனை பாடு.

இதில் பெரும்பங்கு வேலை கல்லூரி மாணவர்களுடையது. விடிவதற்குள் முட்டைகளை மாற்றியாக வேண்டும்; தூக்கம் வருகிறது என்று பாதியில் வீட்டுக்குப் போக முடியாது. வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்திடம் ஃபிளாஷ் போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்று இருபது வயதுப் பெண் சொல்ல, ஐம்பது வயதுக்காரர் கேட்டுக்கொள்கிறார். தலைமைப் பண்பு இப்படித்தான் வருகிறது. கயிறு இழுக்கும் போட்டியும் மேடைப் பேச்சும் வைத்து அதை ஊட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மகளின் கூச்சத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள். காட்டில் வாய் மூடி நிற்கிற பிள்ளைக்குத்தான் பறவை கண்ணில் படும். அவள் பார்த்ததை அவள்தானே சொல்லியாக வேண்டும்? பேச்சு தானாக வரும்.

முகாம் நடத்துபவர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். வனத்துறை அனுமதி இருக்கிறதா? பாம்புக்கடிக்கு மருந்துள்ள மருத்துவமனை எத்தனை தூரம்? பெண் பிள்ளைகளுடன் இரவில் தங்கும் ஆசிரியை யார்? பாம்பைக் கையில் பிடித்துப் படம் எடுக்கலாம், புலிகள் காப்பகத்துக்குள் இரவு சவாரி உண்டு என்றெல்லாம் விளம்பரம் செய்தால் அங்கே அனுப்பவே வேண்டாம். சட்டத்தை மீறுகிறவர்கள் பாதுகாப்பைக் கற்றுத்தர முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆறாம் நாள் என்ன என்ற கேள்வி. பிள்ளைகள் ஊர் திரும்பிய பிறகு அவர்களைத் தொடர்ந்து கூட்டிவைத்து வேலை தருகிறார்களா என்று விசாரியுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் பணத்தைக் கட்டாதீர்கள். அதில் ஒரு பங்குக்கே நல்ல பைனாகுலரும் தமிழ்ப் பறவைக் கையேடும் வாங்கலாம். பக்கத்துக் குளத்தங்கரையில் வாரம் ஒருமுறை கால்மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை இ-பேர்டு செயலியில் அவள் பதியட்டும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கட்டணம் கிடையாது, யாரும் சேரலாம். வரும் பொங்கலுக்கு நான்கு தோழிகளைத் திரட்டி ஒரு குளத்தை எண்ணும் பொறுப்பை அவளிடமே விட்டுவிடுங்கள்.