சொந்தத் தளத்தில் எது சொந்தம்?

காரைக்கால் மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கும் கோட்டுச்சேரிமேட்டுக்காரர் ஒருவர் தம் ஊருக்கென்று இணையதளம் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகநூல் பக்கம் போதாது, சொந்தப் பெயரில் முகவரி வேண்டும், திருவிழாப் படம் முதல் படகுச் செய்தி வரை எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சம் இருக்காது. அந்த ஆலோசனைகளில் பாதியை அப்படியே நம்பினால் வம்புதான்.

"சொந்தத் தளம் என்றால் சொந்த சர்வர். பழைய கணினி ஒன்றை வீட்டிலேயே ஓடவிட்டால் வாடகை மிச்சம்" என்பது முதல் ஆலோசனை. செய்ய முடியாததல்ல. ஆனால் பல மொபைல் இணைய இணைப்புகளில் ஒரே பொது முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். வெளியிலிருந்து வருபவர் அந்த வீட்டுக் கணினியைத் தேடிப் பிடிக்கவே தனி ஏற்பாடு தேவை. அடுத்தது மின்சாரம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபின் டெல்டாவில் நாள்கணக்கில் விளக்கு எரியாத ஊர்கள் எத்தனையோ. வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஊர்ச் செய்தியைத் தேடித் தவிப்பது அப்படிப்பட்ட நாளில்தான். வீட்டு சர்வர் அணைந்து கிடப்பதும் அதே நாளில்தான். ஆண்டு வாடகைக்கு ஹோஸ்டிங் எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. தரவும் கட்டுப்பாடும் தம்மிடம் இருந்தால் அது சொந்தத் தளம்தான்.

இடம் கிடைத்ததும் பெரும்பாலோர் போடுவது வேர்ட்பிரஸ். மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே மாதம் வெளியிட்ட இந்தக் கட்டற்ற மென்பொருளில்தான் இன்று உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் ஓடுகின்றன. படக்காட்சி, தொடர்புப் படிவம், வேகம் கூட்டுவது என எல்லாவற்றுக்கும் பிளகின் உண்டு. தமிழில் செருகுநிரல் என்றும் எழுதுகிறார்கள்.

அடுத்த நம்பிக்கை கொஞ்சம் அடக்கமானது: "நம்முடையது சின்னத் தளம், நம்மை யார் தாக்கப்போகிறார்கள்?" தாக்குபவர் தளத்தின் பெயரைப் படிப்பதே இல்லை. ஒரு பிளகினில் ஓட்டை தெரிந்தவுடன் தானியங்கி நிரல்கள் இணையம் முழுக்க முகவரி முகவரியாகத் தட்டிப் பார்க்கின்றன. 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினுக்கு அதுதான் நடந்தது. அதை அப்போது சுமார் 7 லட்சம் தளங்கள் வைத்திருந்தன. உள்ளே சேர்த்திருந்த வேறொரு நிரல் தொகுப்பில் மாதிரிக்கென இருந்த கோப்பு ஒன்று, பெயர் மாற்றப்பட்டு, இயங்கும் கோப்பாகவே வந்துவிட்டது. பாஸ்வேர்ட் இல்லாமலே எவரும் அதன் வழியாகத் தங்கள் கோப்புகளை ஏற்ற முடிந்தது. புகுந்தவருக்கு ஊர்ச் செய்தியில் அக்கறை இல்லை. குப்பை மின்னஞ்சல் அனுப்பவும் சூதாட்ட விளம்பரத்தை மறைத்து வைக்கவும் ஓர் இடம் கிடைத்தால் போதும்.

இதே நிகழ்ச்சி இன்னொரு நம்பிக்கையையும் உடைக்கிறது. "அந்தப் பிளகினை நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது" என்பார்கள். நிறுத்தினால் வேர்ட்பிரஸ் அதை அழைக்காது, அவ்வளவுதான். கோப்புகள் சர்வரில் அப்படியே இருக்கும். மேலே சொன்ன கோப்பைப் போல நேரடியாக அழைக்கக்கூடியது ஏதாவது அதில் இருந்தால், நிறுத்தி வைத்ததால் எந்தப் பயனும் இல்லை. வேண்டாததை நீக்கிவிட வேண்டும்.

"அப்டேட் போட்டால் தளம் உடையும், ஓடுகிற வரை ஓடட்டும்." இதில் பாதி உண்மை. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 8.0 பதிப்பு வந்தபோது பழைய செயற்கூறுகள் சில மொழியிலிருந்தே நீக்கப்பட்டன. அவற்றை நம்பியிருந்த பழைய பிளகின்கள் தளத்தை வெள்ளைத் திரையாக்கின. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 26 அன்று வேர்ட்பிரஸ் 4.7.2 வெளியானது. எந்த அனுமதியும் இல்லாதவர் தளத்தின் கட்டுரைகளைத் திருத்த வழிவிட்ட பெரிய ஓட்டை அதில் அடைக்கப்பட்டிருந்தது. தளங்கள் மாறிக்கொள்ள அவகாசம் தரவே அந்தச் செய்தியை ஒரு வாரம் போல மறைத்து, பிப்ரவரி 1 அன்றுதான் சொன்னார்கள். அதற்குள் தானாக அப்டேட் ஆன தளங்கள் பிழைத்தன. தானியங்கி அப்டேட்டை அணைத்து வைத்திருந்தவர்களின் பக்கங்கள்தான் அடுத்த சில நாள்களில் லட்சக்கணக்கில் சிதைக்கப்பட்டன. உடைந்த தளத்தைப் பேக்கப்பிலிருந்து ஒரு மாலைப்பொழுதில் மீட்கலாம். யாரோ புகுந்துபோன தளத்தில் எதைத் தொட்டார்கள் என்று தேடுவது வேறு வகை வேலை.

"அதிகாரபூர்வக் கிடங்கிலிருந்து இறக்கியது, நம்பலாம்." இறக்கிய நாளில் நம்பலாம். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற பிளகினைச் சுமார் 2 லட்சம் தளங்கள் பயன்படுத்தின. எழுதியவர் 2017-ல் அதை விற்றுவிட்டார். பெயர்ப்பலகை மாறாமல் கடை கைமாறியது போல, பயன்படுத்தியவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. வாங்கியவர் அடுத்தடுத்த அப்டேட்டுகளில், தளத்துக்குள் விளம்பரக் குப்பையைச் செலுத்தும் நிரலைச் சேர்த்தார். கிடங்கிலிருந்து நீக்கினார்கள், திரும்பி வந்தது, மறுபடி நீக்கினார்கள். செப்டம்பரில்தான் நிரந்தரமாக வெளியேற்றினார்கள். ஆக, அப்டேட் போடாததும் ஆபத்து, கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் ஆபத்து. இதற்கு நேர்த்தியான விடை கிடையாது. பிளகின் எண்ணிக்கையைக் குறைப்பது, கடைசி அப்டேட் எப்போது என்று பார்ப்பது, கைமாறிய செய்தி காதில் விழுந்தால் மாற்று தேடுவது, இவ்வளவுதான் செய்ய முடியும். காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகினை "இலவசமாக" ஏற்றித் தரும் திருட்டுத் தளங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: பூட்டை உடைத்தவர் உள்ளே வேறென்ன வைத்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

பேக்கப் விஷயத்துக்கு வருவோம். "அதெல்லாம் ஹோஸ்டிங்காரர்கள் எடுத்துவிடுவார்கள்." காரைக்கால்காரர்களுக்கு அந்நியமில்லாத பிரான்சிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2021 மார்ச் 10 நள்ளிரவு தாண்டி, ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று முழுக்க எரிந்தது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போயிற்று. பேக்கப்புக்குத் தனிக்கட்டணம் கட்டியிருந்த சில வாடிக்கையாளர்கள், அந்தப் பிரதியும் அதே வளாகத்தில் எரிந்துபோனதைப் பிறகுதான் அறிந்தார்கள். வழக்குப் போட்ட ஒரு நிறுவனத்துக்கு இழப்பீடு தரும்படி 2023-ல் லில் நகர வணிக நீதிமன்றம் உத்தரவிட்டது. இழப்பீடு வந்தாலும் எரிந்த படம் திரும்பி வராது. தரவுத்தளம் ஒன்று, படங்கள் இருக்கும் கோப்புறை ஒன்று. இந்த இரண்டின் பிரதி ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வெளியே, வீட்டு ஹார்டு டிஸ்கிலாவது, இருக்க வேண்டும்.

டொமைன் பெயரும் யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. தளத்தைச் செய்துகொடுத்த தம்பியின் மின்னஞ்சலில் இருந்தால், அவர் வேலைக்காகத் துபாய் போனபின் புதுப்பிக்கும் நினைவூட்டல் யார் கண்ணிலும் படாது.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. ஆங்கில வழிகாட்டிகளில் இவை இருக்காது. "தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழில் அமைந்துவிடும்" என்பது சரிதான், ஆனால் ஓர் அளவு வரைதான். வேர்ட்பிரஸ் கட்டுரை முகவரிக்கு 200 குறிகள்தான் தருகிறது. தமிழில் ஓர் எழுத்துக்குறி குறியீடாக மாறும்போது 9 குறிகளைத் தின்கிறது; கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'கோட்டுச்சேரிமேடு' என்ற ஊர்ப்பெயர் மட்டுமே 144 குறிகள். 'கோட்டுச்சேரிமேடு திருவிழா' என்று தலைப்பிட்டால் முகவரி 'திருவி' என்பதோடு வெட்டுப்பட்டு நிற்கும். வெளியிடும் முன் முகவரியைக் கையால் சுருக்கிவிட்டால் தீர்ந்தது. வெளியிட்டபின் மாற்றினால், வெளியே பகிரப்பட்ட பழைய இணைப்புகள் புதிய இடத்துக்குப் போகின்றனவா என்று திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரியது, "பேக்கப் இருக்கிறது, கவலை இல்லை" என்ற நிம்மதி. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 2018-ல் வந்த 8.0 பதிப்புக்கு முன்புவரை, வேறு சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறையையே எடுத்துக்கொண்டது. வேர்ட்பிரஸிலும் இதைக் குறிப்பிட்டுச் சொல்லும் வசதி 2007-ல்தான் வந்தது. அதற்கு முன் தொடங்கிய தமிழ்த் தளங்கள் பல, தமிழை ஐரோப்பிய எழுத்து என்று தரவுத்தளத்தை நம்பவைத்தே ஓடின. ஹோஸ்டிங் மாற்றாத வரை எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மாற்றிய அன்று, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் மும்மூன்று வேற்றுக் குறிகள் வரிசைகட்டும். அவற்றில் முதலாவது எப்போதும், பிரெஞ்சு படித்தவர்களுக்குப் பழக்கமான, தலையில் சாய்கோடு தாங்கிய 'a' (à).

அப்படித் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. மூல எழுத்து பத்திரமாக இருக்கிறது, சரியான எழுத்துமுறையைச் சொல்லித் திரும்ப ஏற்றினால் தமிழ் வந்துவிடும். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால்தான் கவலை. சேமிக்கும்போதே எழுத்து தொலைந்துவிட்டது என்று பொருள். அந்தப் பிரதியிலிருந்து எதையும் மீட்க முடியாது. எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ள, பழைய தளம் உயிரோடு இருக்கும்போதே பேக்கப்பை வேறோர் இடத்தில் ஏற்றி, ஒரு பழைய கட்டுரையைத் திறந்து படித்துப் பார்க்க வேண்டும்.