குளித்த தண்ணீரின் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகைக்கு வந்த பெரியவர் ஒருவர், பள்ளிவாசல் படியில் நின்றபடியே நம்மைக் கூப்பிட்டார்.

“ஹஜ்ரத், முடுக்குல ஓடுற தண்ணி கைலியில தெறிச்சிட்டு. இதோட தொழலாமா? வீட்டுக்குப் போயி மாத்திட்டு வந்தா ஜமாஅத்து போயிரும்.”

“அது என்ன தண்ணீர் என்று தெரியுமா மாமா?”

“யாரு கண்டா? குளிச்ச தண்ணியா இருக்கும். பிள்ளைத்துணி அலசுன தண்ணியாவும் இருக்கும்.”

நஜீஸ் என்று உறுதியாகத் தெரியாத வரை எப்பொருளும் அதன் அசலான சுத்தத்திலேயே இருக்கிறது என்பது ஃபிக்ஹின் சட்டம். உறுதியாகத் தெரிந்தாலும், தெருச் சேற்றில் ஒதுங்க முடியாத அளவு தெறிப்பதை மன்னிக்கப்பட்டதாகவே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் வைத்திருக்கிறார்கள். ஆகவே, “தாராளமாகத் தொழுங்கள்” என்றோம். தொழுதார். தொழுகை முடிந்து கை கொடுக்கும்போது மறுபடி கேட்டார்:

“எனக்கு மன்னிப்பு உண்டுன்னு சொன்னீங்க. அந்தத் தண்ணிய ரோட்டுல திறந்து விட்டவனுக்கு?”

அன்று நம்மால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. வீட்டுக்குத் திரும்பி, நாம் குடியிருந்த வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்தோம். நம் குளியலறைக் குழாயும் அதே முடுக்கில்தான் திறந்திருந்தது! பிறருக்கு மஸ்அலா சொல்லும் நாமும் குற்றவாளிக் கூட்டத்தில் ஒருவரே என்று வெட்கினோம். அந்தப் பெரியவரின் கேள்விக்குரிய பதிலே இந்தப் பாடம்.

முன்பு எங்கே போயிற்று?

நாஞ்சில் நாட்டில் தண்ணீருக்குப் பஞ்சம் என்றால் வெளியூரார் நம்ப மாட்டார்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நமக்குண்டு. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் கால்வாய்கள் வயல்களுக்குப் பாய்கின்றன. ஆயினும் கோடை கடுமையாகும் ஆண்டுகளில் நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையின் மட்டம் இறங்குகிறது. வீட்டுக் கிணறுகளின் அடிமண் தெரிகிறது. அதே நாட்களில் நம் முடுக்குகளில் மட்டும் தண்ணீர் வற்றாமல் ஓடிக்கொண்டிருக்கிறது!

நம் பாட்டனார் காலத்து வீடுகளில் அங்கணத்துத் தண்ணீர் தெருவுக்கு வந்ததில்லை. கொல்லையில் தென்னைமூட்டுக்குப் போயிற்று. வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் போயிற்று. அதைத் திட்டம் என்று யாரும் சொல்லவில்லை, அதுவே வழக்கமாயிருந்தது. பிறகு கொல்லை பாகமாகி, ஒரு வீடு நான்கு வீடாயிற்று. மண் தரை சிமெண்ட் தரையாயிற்று. தென்னையும் போயிற்று. தண்ணீர் மட்டும் போக இடமின்றித் தெருவைத் தேடி வந்தது. தெருவிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து பழையாறு, பழையாற்றிலிருந்து மணக்குடிக் கடல் என்பது நாகர்கோவில் பக்கத்துக் கழிவுநீரின் பயணம். வழியெல்லாம் கொசு, துர்நாற்றம், அண்டை வீட்டாரோடு சண்டை.

எவ்வளவு தண்ணீர்?

நகரத்து வீடுகளுக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று நம் நாட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் குளிக்க 55 லிட்டர், துணி துவைக்க 20 லிட்டர், கழிப்பறைக்கு 30 லிட்டர் என்பது வழக்கமான பகிர்வு. கழிப்பறைத் தண்ணீரை விட்டுவிடுவோம். குளித்ததும் துவைத்ததும் மட்டும் ஆளுக்கு 75 லிட்டர். ஐந்து பேருள்ள வீட்டில் நாளொன்றுக்கு 375 லிட்டர்.

கோடையில் காய்க்கும் தென்னை ஒன்றுக்கு நான்கு நாளுக்கொருமுறை 200 லிட்டர், அதாவது நாளுக்கு 50 லிட்டர், பாய்ச்சச் சொல்கிறார்கள் வேளாண்மை அறிந்தோர். அப்படியானால் ஒரு வீடு தெருவில் விடும் தண்ணீர் ஏழு தென்னைகளின் தாகத்தைத் தீர்க்கும். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்வார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரை நீரில் குளிப்பார்கள் என்று அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நான்கு முத்து ஒரு ஸாஉ. அது நம் கணக்கில் மூன்று லிட்டரை ஒட்டியது. அந்த நபியின் உம்மத்தினராகிய நாம் குளிப்பதற்கு எடுத்த தண்ணீரை ஒரு முறை பயன்படுத்திவிட்டு, அதைப் பிறருக்குத் தொல்லையாகவும் ஆக்கினால் அது இரட்டை இஸ்ராஃப் ஆகாதா?

மஸ்அலாக்கள்

இவ்விஷயத்தில் பலருக்கும் தயக்கம் இருக்கிறது. “குளித்த தண்ணீர் அசுத்தமல்லவா? அதை மரத்துக்கு ஊற்றலாமா? அந்தக் காயைத் தின்னலாமா?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கடமையான ஒளுவுக்கும் குளிப்புக்கும் பயன்பட்ட நீர் ‘முஸ்தஃமல்’ எனப்படும். ஷாஃபியீ மத்ஹபில் அது தாஹிர். அதாவது தன்னளவில் சுத்தமானது. ஆனால் தஹூர் அன்று. அதைக்கொண்டு மீண்டும் ஒளுச் செய்யவோ, நஜீஸை நீக்கவோ இயலாது. ஹனஃபி மத்ஹபின் ஏற்கப்பட்ட சொல்லிலும் அது சுத்தமானதே. ஒளுவுக்கு உதவாது, எனினும் துணியிலுள்ள நஜீஸை நீக்க உதவும். ஆகவே, மரத்துக்கு ஊற்றுவதில் இரு மத்ஹபிலும் தடையில்லை.

2. பிள்ளைத்துணி போன்ற நஜீஸ் பட்ட துணிகளை அலசிய நீரின் சட்டம் வேறு. நஜீஸால் அதன் நிறமோ மணமோ சுவையோ மாறியிருந்தால் அது நஜீஸ்தான். அந்த முதல் அலசலைக் கழிப்பறைக் குழாயில் விட்டுவிட வேண்டும். தாய்மார்கள் இதை ஒரு பழக்கமாகக் கொண்டால் மீதியெல்லாம் எளிதாகிவிடும்.

3. நஜீஸான நீர் பாய்ந்த மரத்தின் காயும் கனியும் நஜீஸ் ஆவதில்லை. மேலே பட்டிருந்தால் கழுவினால் போதும். இது மார்க்கச் சட்டம். ஆனால் மருத்துவர் வேறொன்று சொல்கிறார்: பச்சையாகத் தின்னும் கீரைக்கும் காய்க்கும் இந்த நீர் வேண்டாம். உடலைக் காப்பதும் மார்க்கமே, அதையும் கேட்போம்.

4. “தொட்டியில் இரண்டு குல்லத்து சேர்ந்துவிட்டால் ஒளுச் செய்யலாமே?” என்று ஓதிய இளைஞர்கள் கேட்பார்கள். இரண்டு குல்லத்து ஏறத்தாழ 200 லிட்டர். முஸ்தஃமலான நீர் சேர்ந்து அந்த அளவை அடைந்தால் தஹூர் ஆகும் என்பது ஷாஃபியீ மத்ஹபின் பலமான சொல்லே. ஆனால் சோப்பும் எண்ணெயும் கலந்து குணம் மாறிய நீருக்கு அந்தச் சலுகை இல்லை. வீட்டுத் தொட்டித் தண்ணீரை மரத்தோடும் கழிப்பறையோடும் நிறுத்துவதே பேணுதல்.

5. இயந்திரங்களால் சுத்திகரித்த கழிவுநீரைப் பற்றிச் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978-இல் ஆராய்ந்தது. நிறம், மணம், சுவை மூன்றிலும் நஜீஸின் அடையாளம் முற்றிலும் நீங்கினால் அது சுத்தமான நீரே என்றும், உடல்நலம் கருதிக் குடிப்பதைத் தவிர்ப்பது மேல் என்றும் அது முடிவு செய்தது. வீட்டுக் கொல்லையில் சரளைக்கல் வழியே வடிந்த நீர் அந்தத் தரத்தை அடைவதில்லை. ஆகவே அந்த ஃபத்வாவை இதற்கு எடுத்துக் காட்ட வேண்டாம்.

வீடு கட்டுவோர் கவனிக்க

தண்ணீர் போகும் வழிக்கு விதி வகுப்பது புதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தவரான ஷைஸரீ, முஹ்தஸிபுகளின் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். தெருவில் நீட்டிய கூரைக் குழாயை எடுத்துவிட்டுச் சுவருக்குள் சுண்ணாம்பு பூசிய கால்வாய் அமைக்கச் செய்யவேண்டும். வீட்டு அழுக்குநீர் கோடையில் நடுத்தெருவுக்கு வருமானால் அந்த வாயை அடைத்து, வீட்டுக்குள்ளேயே குழி தோண்டி அதில் விடச் செய்யவேண்டும் என்பது அதன் கருத்து. எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கட்டட விதி இது! பொதுவழியில் நடப்போருக்கு இடையூறான எந்தக் காரியமும் கூடாது என்று ‘மின்ஹாஜ்’ நூலும் சொல்கிறது.

இன்று தமிழ்நாட்டில் 2003-இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கட்டட அனுமதிக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த விதிகள் இருக்கின்றன. அரசு கேட்பதோடு, நம் வீட்டுக்கு நாமே வைத்துக்கொள்ளத் தக்க விதிகள் இவை:

முதலாவது, இரண்டு குழாய்கள். கழிப்பறைக்கு ஒன்று, குளியலறைக்கும் துவைக்கும் கல்லுக்கும் வேறொன்று. வீடு கட்டும்போது இதற்கு ஆகும் செலவு அற்பம். கட்டிய பிறகு பிரிக்க வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்துவிட்டால் மற்றவை எப்போதும் செய்யலாம்.

இரண்டாவது, திருப்பிவிடும் வால்வு. வீட்டில் நோய் இருக்கும்போதும், பிள்ளைத்துணி துவைக்கும்போதும், அடைமழை நாட்களிலும் இத்தண்ணீரைச் செப்டிக் டேங்குக்குத் திருப்ப வழி இருக்கவேண்டும்.

மூன்றாவது, தேக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மேல் தேங்கிய சோப்புத் தண்ணீர் நாறும், கொசுவும் வரும். அன்றன்றே மண்ணுக்குப் போகட்டும். மேலே பரவவிடாமல், சரளைக்கல் நிரப்பிய பள்ளத்தின் வழியே வேருக்குப் போகட்டும். சமையலறைத் தண்ணீரில் எண்ணெய் இருப்பதால் அதற்கு முன்னே ஒரு எண்ணெய்த் தடுப்புத் தொட்டி தேவை.

நான்காவது, குடிநீர்க் குழாயோடு எங்கும் இணையக் கூடாது. குழாய்க்கு வேறு வண்ணம் பூசி அடையாளம் வையுங்கள். சலவைக்காரம், பிளீச்சிங் மிகுந்தால் மண் கெடும். அந்த நீரை வால்வைத் திருப்பி வெளியேற்றுங்கள்.

ஐந்தாவது, கிணறு. செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணில் இறக்கும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். மூன்று செண்டு மனை என்பது ஏறத்தாழ 11 மீட்டருக்கு 11 மீட்டர். நம் மனைக்குள் எங்கே குழி தோண்டினாலும் அண்டை வீட்டாரின் கிணறு அந்த 18 மீட்டருக்குள் வந்துவிடலாம். நமது குழி நமது மண்ணில்தான். ஆனால் அதன் தீங்கு அவரது வாளியில் ஏறுகிறது. தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற நபிமொழியின் கருத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறுண்டோ? ஆகவே குழி தோண்டுமுன் அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். அவர் எந்த மதத்தவராயினும் அண்டை வீட்டாரின் உரிமை ஒன்றே. குளித்த நீரையும் ஆழக் குழியில் இறக்காதீர்கள். மேல்மண்ணில் கல்வாழைக்கும் வாழைக்கும் கொடுங்கள்.

ஜமாஅத்து என்ன செய்யலாம்?

ஜோர்தான் நாட்டின் தஃபீலா பகுதியில், இஸ்லாமிய நாடுகளின் நீர்வள ஆய்வு அமைப்பொன்று சாதாரண வீடுகளில் நான்கு பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்துக் கொடுத்தது. முதலாவதில் எண்ணெயும் கசடும் தங்கும். நடுவிலுள்ள இரண்டிலும் சரளைக்கல். கடைசியில் தேறிய நீர். அது சிறு குழாய்கள் வழியே ஒலிவ மரங்களுக்குப் போயிற்று. வறண்ட நாட்டின் ஏழை வீடுகளில் இயன்றது, மழை பெய்யும் நம் மாவட்டத்தில் இயலாதா?

முதலில் பள்ளிவாசலிலிருந்து தொடங்கலாம். ஒளுச் செய்த தண்ணீரில் சோப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஐந்து வேளையும் ஓடும் அந்த நீரைப் பள்ளிவாசல் வளாகத்துத் தென்னைக்கு விட்டுக் காட்டினால் மஹல்லா தானே கற்றுக்கொள்ளும். மனை சிறிதாயுள்ள தெருக்களில், நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு பொதுப் பள்ளமும் வாழைத்தோட்டமும் வைக்க ஜமாஅத்து இடம் பார்த்துக் கொடுக்கலாம்.

புது வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது ஃபாத்திஹா ஓத நம்மைப் போன்றவர்களை அழைக்கிறார்கள். அந்தப் பெரியவர் கேட்ட நாளுக்குப் பிறகு நாம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஓதுவதற்கு முன், “வீட்டுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிளானில் இருக்கிறது, எங்கே போகிறது என்று காட்டுங்கள்” என்று கேட்கிறோம். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டாவது குழாய்க்குக் கோடு போடச் சொல்கிறார்கள்.

நமது குடியிருப்பின் குழாயையும் வீட்டுக்காரரின் சம்மதத்தோடு திருப்பிவிட்டோம். அதன் முனையில் இப்போது இரண்டு வாழைகள் நிற்கின்றன. அந்தப் பெரியவருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: வழியில் நடந்தவருக்கு மன்னிப்பு உண்டு. விட்டவருக்கோ, நிறுத்தும் சக்தியிருந்தும் நிறுத்தாத வரை, பொறுப்பு உண்டு. பாதையிலுள்ள இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, நாமே இடையூறை உண்டாக்குவோராய் இருக்கலாமா?

வல்ல அல்லாஹ் நம் வீடுகளின் உள்ளையும் புறத்தையும் தூய்மையாக்கி, நம் அண்டை வீட்டார் நம்மைக்கொண்டு நிம்மதியடையச் செய்வானாக! ஆமீன்.