ஒரு வாயில், பல முகவரி

கணிப்பொறிக் கலை பயிலும் மாணவர்க்கு அடிக்கடி எழும் ஐயம் ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இணையச் சேவை வழங்கும் நிறுவனத்தார் ஒரு கல்லூரிக்கு ஐந்து நிலையான பொது ஐ.பி. முகவரிகளை அளித்தனர் என்று கொள்வோம். வந்திருப்பதோ ஒரே வடம். அது செருகப்பட்டிருப்பதோ ஒரே வலைமுகப்பு. ஆண்டு நோக்கினால் ஒரு முகவரியே தென்படுகின்றது. ஏனைய நான்கும் எங்கே? அவை வடத்தின் வழியே வந்து சேரவில்லையோ என மயங்குவார் பலர்.

இம்மயக்கம் தீர, அஞ்சல் முறையை நோக்குவோம். புதுவை நகர்க்கு வடக்கே, கடற்கரைச் சாலையை அடுத்த காலாப்பட்டில், 1985-ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் விளங்குகின்றது. அதன் அஞ்சற்குறியீடு 605014. நாட்டின் எம்மூலையில் இட்ட கடிதமும் இக்குறியீட்டைக் கொண்டே அவ்வூர்ப் பக்கம் வந்தடையும். தில்லியில் கடிதம் பிரிப்போர் கதவிலக்கத்தைக் கருதுவதில்லை. அதனைத் தேடுபவர் இறுதியில் வரும் அஞ்சற்காரரே.

ஐ.பி. முகவரியும் இத்தகையதே. அதன் நான்காம் பதிப்பில் முகவரி ஒன்று 32 இரும இலக்கங்களால் ஆயது. முற்பகுதி வலையைச் சுட்டும். பிற்பகுதி அவ்வலையில் உள்ள பொறியைச் சுட்டும். முற்பகுதிக்கு 29 இலக்கம் போக எஞ்சுவன மூன்று. ஆகவே எட்டு முகவரிகள் உண்டாகும். எடுத்துக்காட்டிற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களுள் 203.0.113.8 முதல் 203.0.113.15 வரை கொள்வோம். முதல் எண் வலையின் பெயர். இறுதி எண் யாவரையும் ஒருங்கே விளிப்பது. 9 என முடிவது நிறுவனத்தாரின் நுழைவாயிற் பொறிக்கு உரியது. எஞ்சிய ஐந்தே நமக்கு ஆவன.

இனி, வெளியுலகிலிருந்து 203.0.113.12-க்கு ஒரு தரவுப்பொதி வருகின்றது. நுழைவாயிற் பொறி, "இம்முகவரிக்கு உரியார் யார்?" என்று வடத்தில் உரக்க வினவும். 1982-இல் வகுக்கப்பட்ட ஏ.ஆர்.பி. என்னும் நெறிமுறை இதுவே. அம்முகவரி எப்பொறியில் எழுதப்பட்டுளதோ, அது தன் முகப்பின் 48 இலக்க வன்பொருள் எண்ணைக் கூறி, "யானே" என விடையளிக்கும். ஐந்து முகவரிகட்கும் ஒரே முகப்பு விடை கூறலாம், தடையில்லை. ஒருவரும் விடை கூறாவிடின் பொதி சேராது ஒழியும்.

ஆதலின், முகவரி என்பது வடத்தின் வழியே ஒழுகிவரும் பொருளன்று. பொறி தன்மேல் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு. நிலையான முகவரிகளை நாமே முகப்பில் எழுதுதல் வேண்டும். லினக்ஸ் இயக்கமுறையில், ஒரே வலையைச் சார்ந்த முதல் முகவரி தலைமையாக நிற்க, பின்னர்ச் சேர்த்தவை 'செகண்டரி' என்னும் குறிப்போடு அடுத்தடுத்த வரிகளில் தோன்றும். பழைய 'இஃப்கான்ஃபிக்' கட்டளையோ தனிப்பெயர் இடப்பெறாதவற்றைக் காட்டாது விடும். அதுகொண்டு அவை இல்லையெனத் துணிதல் தவறு.

வேறொரு முறையும் உண்டு. நிறுவனத்தார் முகவரித் தொகுதி முழுவதையும் நம் திசைவியின் ஒரு முகவரிக்கே அனுப்பிவிடுவர். அப்பொழுது வடத்தில் வினாவே எழாது. அவற்றை முகப்பில் எழுதாமலே உள்ளிருக்கும் பொறிகட்குப் பங்கிட்டு வழங்கலாம். எம்முறை என்பதை முதற்கண் கேட்டறிதல் நலம்.

இங்குக் கருதத்தக்க இடர்கள் சில உள. இரு பொறிகளில் ஒரே முகவரியை எழுதின், இருவரும் "யானே" என்பர். பொதிகள் ஒருகால் இங்கும் ஒருகால் அங்குமாக அலையும். வெளிச்செல்லும் பொதிகள், வேறு கட்டளை இன்றேல், பெரும்பாலும் தலைமை முகவரியையே தாங்கிச் செல்லும். மின்னஞ்சற்கு வேறு முகவரி பதிந்திருப்பின், பெறுவோர் ஐயுற்று மறுத்தல் கூடும். இவையினும் கொடியது ஒன்று: காவலரணின் விதிகள் பழைய முகவரியை மட்டும் சுட்டியிருக்க, மதிப்பெண் ஏடுகளைத் தாங்கிய சேவை எல்லா முகவரியிலும் செவிசாய்ப்பதாயின், புதிதாய்ச் சேர்த்த முகவரி காவலற்ற வாயிலாகிவிடும். ஒரு வரி எழுதுதல் எளிது. அதனாற் பாதுகாப்பு இழப்போர் மாணவர் பல்லோர்.

இம்முகவரிகள் அருமையும் உடையன. உலகப் பொதுச் சேமிப்பின் இறுதித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-இல் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. 128 இலக்கம் கொண்ட ஆறாம் பதிப்பிலோ ஒரு முகப்பு பல முகவரி தாங்குதல் இயல்பே. ஆகவே மாணவர்காள், ஒரு முகவரியை எழுதுமுன், இதற்கு விடை கூறுவது யார், இதனைக் காப்பது யார் என்னும் இரு வினாக்களையும் எழுப்பி, விடை கண்ட பின்னரே எழுதுவீராக.