காணாமல் போகும் நியான்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் 3 அடி நீளத்தில் மூடி போட்ட மீன்தொட்டி இருக்கிறது. 12 நியான் டெட்ராவும் 2 ஏஞ்சலும் ஒரே நாளில் வாங்கினோம். “இரண்டுமே சாது, இரண்டுமே அமேசான் மீன், தாராளமாகச் சேர்த்து விடலாம்” என்றார் கடைக்காரர். ஐந்து மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குப் பிறகு சில நாளுக்கு ஒருமுறை, காலையில் எண்ணினால் ஒரு நியான் குறைகிறது. இப்போது 7தான் மிச்சம். செத்த மீன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இது நோயா? தீனி போதவில்லையா? இரண்டு வகை மீன்கள் ஒத்துப்போகுமா என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?
— வாசகி, திருச்சி

பதில்: தினமும் காலையில் எண்ணிப் பார்க்கிறீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். அந்தக் கணக்கிலேயே பாதி பதில் இருக்கிறது.

நோய் கண்ட நியான் பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். நிறம் வெளுக்கும், கூட்டத்தை விட்டு ஒதுங்கும், தீனி போட்டாலும் மேலே வராது. உங்கள் மீன்களோ மாலை வரை நன்றாக இருந்துவிட்டு விடிந்ததும் காணாமல் போகின்றன. மூடி இருப்பதால் வெளியே குதித்திருக்கவும் வழியில்லை. உங்கள் ஏஞ்சல்கள்தான் அவற்றை விழுங்குகின்றன.

“சாதுவான மீனாயிற்றே?” என்று கேட்பீர்கள். மீனைச் சாது, முரடு என்று இரண்டாகப் பிரித்துவிட்டு, சாதுவெல்லாம் ஒரு தொட்டி என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஏஞ்சல் தன் அளவுள்ள மீன்களை அநேகமாக வம்புக்கு இழுக்காது. அந்த மட்டில் சாதுதான். ஆனால் வாய்க்குள் அடங்கும் மீனை அது அண்டைவீட்டுக்காரனாகப் பார்ப்பதில்லை, இரையாகத்தான் பார்க்கிறது. பசியும் கோபமும் வேறு வேறு சங்கதிகள்.

இரண்டும் அமேசான் மீன் என்பதும் பெரிய உத்தரவாதம் இல்லை. அமேசான் படுகை இந்தியாவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பரப்புள்ளது. ஒரே ஓடையில் வாழ்ந்தாலும்கூட, தின்பதும் தின்னப்படுவதும் அங்கே அன்றாடம் நடப்பதுதானே. ஏஞ்சலின் உடம்பையே கவனியுங்கள். தட்டையான உடல், மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புப் பட்டைகள். தண்டுகளுக்கும் வேர்களுக்கும் நடுவே மறைந்து நின்று இரை பிடிப்பதற்கு ஏற்ற உடம்பு அது.

என் தொட்டியில் இதை ஒருமுறை நேரிலேயே பார்த்தேன். விடியும் நேரம், இன்னும் விளக்குப் போடவில்லை. நியான்கள் செடிக்கு அடியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. இரவில் அவற்றின் நீலக்கோடு மங்கி, வேறு ஏதோ மீன்போலத் தெரியும். ஏஞ்சல் துரத்தவே இல்லை. இலை ஒன்று மிதந்து வருவதுபோல மெல்ல நெருங்கி, தலையைச் சற்றே சாய்த்து நின்றது. திடீரென்று அதன் வாய் குழாய்போல முன்னே நீண்டது. மறுகணம் நியானின் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் நின்ற நியான்கள்கூட அதிகம் கலையவில்லை. பகலில் உங்கள் தொட்டி அமைதியாகத் தெரிவதில் வியப்பே இல்லை.

இதை உறிஞ்சி உண்ணுதல் என்பார்கள். வாயைச் சட்டென்று விரிக்கும்போது உண்டாகும் இழுப்பில் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். நியான் அளவு மீனைக் கடித்துத் துண்டுபோடும் பற்கள் ஏஞ்சலின் வாயில் இல்லை. முழுசாக உள்ளே போனால்தான் இரை. அதனால் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது வாய்த்திறப்பு, அதாவது முழுதாகப் பிளந்த வாயின் அளவு.

ஐந்து மாதம் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிடும். கடையில் நீங்கள் வாங்கிய ஏஞ்சல் அநேகமாக ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள குஞ்சு. முழு வளர்ச்சியில் ஏஞ்சலின் உடல் 15 செ.மீ. வரை நீளும், துடுப்புகளோடு சேர்த்து உயரம் 20 செ.மீ.யைத் தாண்டும். நியானோ 3 அல்லது 3.5 செ.மீ.யோடு நின்றுவிடும். உங்கள் ஏஞ்சலின் குணம் மாறவில்லை. வாய்தான் வளர்ந்திருக்கிறது.

தீனியைக் கூட்டினால் நிற்குமா என்றால், நிற்காது. வயிறு நிறைந்திருந்தாலும் எதிரே கிடைப்பதை விழுங்குவது இரைதேடும் மீனின் இயல்பு. கூடுதல் தீனி அடியில் அழுகி அம்மோனியாவைத்தான் கூட்டும். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வரும் நஞ்சு அது. ஏஞ்சல், நியான் இரண்டுக்குமே கெடுதல்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கடையில் எந்த மீனைப் பார்த்தாலும் முதலில் அதன் முழு வளர்ச்சி எவ்வளவு என்று கேளுங்கள். பெரிதாக வளரும் மீனின் வாயையும், சிறிய மீனின் உடல் பருமனையும் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நியானும் கப்பியும் ஒல்லியான மீன்கள், வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அதே நீளத்தில் உருண்டு திரண்ட மீன் வாயில் அடங்காது. தரையில் மேயும் கோரிடோராஸ் இன்னும் பத்திரம். அதன் உடம்பில் கவசம்போலத் தகடுகள் உண்டு, துடுப்பில் முள்ளும் உண்டு. ஏஞ்சலோடு விட நான் முதலில் சொல்வது அதைத்தான், நான்கைந்தாக வாங்கினால்.

வாய் மட்டும் போதாது. டைகர் பார்பை ஏஞ்சல் எளிதில் விழுங்காது, ஆனால் டைகர் பார்ப் ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கொத்திக் கொத்திக் கந்தலாக்கிவிடும். இங்கே சிறியதுதான் பெரியதைப் படுத்துகிறது. அடுத்தது தண்ணீரின் வெப்பம். கோல்டுஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த நீர் பிடிக்கும், ஏஞ்சலுக்கு 24 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். ஒன்றையொன்று தொடாவிட்டாலும் இந்த ஜோடியில் ஏதாவது ஒன்று எப்போதும் அசௌகரியத்தில்தான் இருக்கும். நியானுக்கும் ஏஞ்சலுக்கும் வெப்பம் 24-26 டிகிரியில் பொருந்திவிடுகிறது. அதனால்தான் இந்த ஜோடி இத்தனை வீடுகளில் நம்மை ஏமாற்றுகிறது.

உங்கள் இரண்டு ஏஞ்சல்களும் ஆணும் பெண்ணுமாக இருந்தால் இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். இலையிலோ கண்ணாடியிலோ ஃபில்டர் குழாயிலோ முட்டையிட்டுவிட்டால், பாதித் தொட்டியை வளைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வரும் எதையும் விரட்டும். அந்தச் சில நாளுக்கு எந்தச் சாதுப் பட்டியலும் செல்லாது.

“எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன” என்று சொல்பவர்களும் உண்டு, அவர்கள் பொய் சொல்லவில்லை. நியான்கள் முன்பே முழு வளர்ச்சி பெற்றிருந்து, செடிகள் அடர்ந்த பெரிய தொட்டியில் ஏஞ்சல் குஞ்சாக வந்து சேர்ந்தால் சில இடங்களில் இது நடக்கிறது. உங்கள் தொட்டியில் ஏஞ்சல்கள் ருசி கண்டுவிட்டன. இனி அந்தச் சோதனை வேண்டாம்.

இன்று இரவே ஏழு நியானையும் பிரித்துவிடுங்கள். வேறு தொட்டி இல்லையென்றால், கிடைக்கும் வரை நடுவே வலைத் தடுப்பு வைத்தாலும் போதும். புதுத் தொட்டிக்குப் பாதித் தண்ணீரைப் பழைய தொட்டியிலிருந்தே எடுங்கள். முடிந்தால் பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டையும் அலசாமல் கொண்டுபோய் வையுங்கள்; அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அதில்தான். நியான் கூட்டமாக வாழும் மீன், ஆறுக்குக் கீழே குறைந்தால் மிரண்டு மூலையிலேயே ஒடுங்கிவிடும். ஏழு இருக்கும்போதே கேட்டுவிட்டீர்கள். தொட்டி நிலைப்பட்டு ஒரு மாதம் போனதும் இன்னும் ஐந்தாறு நியான் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏஞ்சல்களுக்குத் துணை வாங்கப் போகும்போது சக்கர் மீனைச் சேர்த்துக் கொடுப்பார்கள், “பாசியைத் தின்னும்” என்று. அதுவும் 30 செ.மீ.யைத் தாண்டி வளரும். பெரிதானதும் ஏரியில் விட்டுவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, நாட்டு மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. எந்த மீனானாலும், அந்தக் கடையில் அதே வகையில் இருப்பதிலேயே பெரியதைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.