தாயின் கர்ப்பகால நலமும் மகள் வயதுக்கு வரும் காலமும்

அன்பு மகளுக்கு,

பெண் பிள்ளை எந்த வயதில் பெரியவளாவாள் என்பதில் பரம்பரைக்கே முதல் பங்கு. தாய் சீக்கிரம் வயதுக்கு வந்திருந்தால், மகளும் சீக்கிரம் வருவது சகஜம். பிள்ளை வயிற்றில் இருந்தபோது தாயின் உடல்நிலை எப்படி இருந்தது என்பதற்கும் இதில் சிறு பங்கு உண்டு.

பருவ மாற்றத்தைத் தொடங்கி வைப்பது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ். அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சூலகத்தைத் தூண்டுகிறது. உடலில் போதிய கொழுப்பு சேர்ந்துவிட்டதை லெப்டின் என்னும் சுரப்பு மூளைக்குத் தெரிவிக்கிறது. கர்ப்பிணியின் இரத்தத்தில் சர்க்கரை ஏறினால், அது நச்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகிறது. குழந்தையின் கணையம் அதிக இன்சுலினைச் சுரக்கிறது, கொழுப்பு சேர்கிறது. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பலர் சிறு வயதிலேயே எடை கூடுகிறார்கள். எடை கூடிய பெண் பிள்ளைகள் முன்னதாகவே வயதுக்கு வர வாய்ப்பு அதிகம்.

வட கலிபோர்னியாவில் 15,000க்கும் மேற்பட்ட சிறுமிகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, தாயின் உடற்பருமனையும் கர்ப்பகாலச் சர்க்கரையையும் மகளின் முன்கூட்டிய பருவ மாற்றத்தோடு தொடர்புபடுத்தியது. கர்ப்பத்தில் புகைபிடித்த தாய்மாரின் பிள்ளைகளிடமும் இதே போக்கை டென்மார்க் ஆய்வுகள் கண்டன. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வில், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த எடையில் பிறந்து எட்டு வயதில் பருமனாகிவிட்ட சிறுமிகள் சீக்கிரம் வயதுக்கு வந்தனர். இவை தொடர்பை மட்டுமே காட்டும் ஆய்வுகள், காரணத்தை நிரூபிப்பவை அல்ல. வேறுபாடும் பெரும்பாலும் சில மாதங்களே. ஆகவே, பிள்ளை சீக்கிரம் பெரியவளானதற்குத் தாயைக் குறை சொல்வது அநியாயம்.

மலேசிய இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்பதால் நம் கெடாவில் கர்ப்பகாலச் சர்க்கரைக்குத் தனிக் கவனம் தேவை. தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய பாட்டிமாரின் பேத்திகள் இன்று சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். நடை குறைந்துவிட்டது, பால்டின் ஊற்றிய தேநீரும் சிரப்பும் கூடிவிட்டன.

கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள் அரசாங்க கிளினிக்கில் பதிந்துகொள்வது நல்லது. சர்க்கரைச் சோதனைக்கு வெறும் வயிற்றில் ஒரு முறையும், 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறையும் இரத்தம் எடுப்பார்கள். முதல் அளவு 5.1 mmol/L அல்லது இரண்டாவது 7.8 mmol/L என்ற எல்லையை எட்டினால் கர்ப்பகால நீரிழிவு. வேலைக்கு நேரமாகிறது என்று இரண்டாவது இரத்தம் கொடுக்காமல் கிளம்பினால் சோதனை பயனற்றுப் போகும். சோதனை சரியாக இருந்தாலும், மிஸ்ஸி (தாதி) மறுபடி வரச் சொன்னால் போக வேண்டும். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரை புதிதாக ஏறக்கூடும்.

சாப்பாட்டுக்குச் சுகாதார அமைச்சின் 'சுக்கு-சுக்கு செப்பாரோ' முறை எளிது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது. தேநீர் அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. வீட்டில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது.

குழந்தை எடை குறைவாகப் பிறந்தால், கொழுகொழுவென்று ஆக்க அவசரப்பட்டு மாவும் சீனியும் ஊட்ட வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். வளர்ச்சி சரியா என்பதைக் கிளினிக் அட்டையில் உள்ள கோடு சொல்லும்.

எட்டு வயதுக்கு முன் மார்பு வளர ஆரம்பித்தாலும், 13 வயதாகியும் வளராவிட்டாலும், 15 வரை மாதவிலக்கு வராவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். மிகச் சீக்கிரம் பருவமடையும் பிள்ளையின் எலும்பு முன்னதாகவே முதிர்ந்து உயரம் நின்றுவிடலாம். கை எலும்பின் எக்ஸ்ரேயும் இரத்தச் சோதனையும் நிலையைக் காட்டும்; தேவைப்பட்டால் ஊசி மூலம் பருவ மாற்றத்தைத் தள்ளிப்போடலாம். அதனால் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு டாக்டரைப் பார்த்த பிறகே சடங்குப் பேச்சை எடுக்க வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா